இல்லாத ஒன்பது வழிகள்

என்னைவிட மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காகப் பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. இருவரும் பத்தாம் வகுப்பு. ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரே கட்டடத்தில் மாடி வீட்டில் அவர்கள், கீழ் வீட்டில் நாங்கள். நடுவில் வெளிப்பக்கமாக ஒரு சிமெண்டுப் படிக்கட்டு. குழம்புக் கிண்ணம், இஸ்திரிப் பெட்டி, இரண்டு வீட்டுச் சண்டைகள் எல்லாம் அதில்தான் ஏறி இறங்கின.

எங்கள் குடும்பத்தில் கணக்கு என்றால் நான்தான் என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நான்தான். அக்கா மெதுவானவள். ஒரு கணக்கைக் கொடுத்தால் அதை அப்படியே எடுத்துச் செய்யமாட்டாள். நூறு பேர் என்று இருந்தால் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். அப்புறம் நான்கு பேர், அப்புறம் ஐந்து பேர். அவள் ஐந்தாவது ஆளைத் தொடுவதற்குள் நான் விடையை எழுதிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் எங்கள் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலங்களில் சர்ச் ஹாலில் கணக்கு வகுப்பு எடுத்தார். வாரம் முழுக்க ஐ.டி. கம்பெனியில் வேலை, சனிக்கிழமை எங்களோடு. பள்ளிப் பாடத்தை அவர் தொடவே மாட்டார். போட்டித் தேர்வுகளில் வரும், பார்த்தவுடன் என்ன செய்வதென்றே தெரியாத கணக்குகளாக வாரத்துக்கு மூன்று ஜெராக்ஸ் எடுத்து வருவார். அடுத்த சனிக்கிழமைக்குள் செய்து வர வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். நோட்டில் வலது பக்கம் திருத்தமான விடை. இடது பக்கம் ரஃப். அடித்தது, கிழித்தது, தப்பாய்ப் போனது எல்லாம் இடது பக்கத்தில் அப்படியே இருக்க வேண்டும். அழி ரப்பர் கூடாது. அவர் முதலில் பார்ப்பதும் இடது பக்கத்தைத்தான். தப்பு உங்கள் சொந்தத் தப்பாக இருந்தால் பரவாயில்லை, இன்னொருத்தர் நோட்டைப் பார்த்து எழுதினால் மட்டும் மன்னிப்பு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. என்னிடம் இடது பக்கம் என்ற ஒன்றே கிடையாது.

காரணம், அவர் ஜெராக்ஸ் எடுக்கும் புத்தகம் என்னிடமும் இருந்தது. அவென்யூ ரோடு நடைபாதையில் வேறு எதற்கோ அப்பாவுடன் போனபோது ஒரு பழைய புத்தகக் குவியலில் கண்ணில் பட்டது. அட்டை இல்லை, ஆனால் கடைசிப் பத்துப் பக்கம் விடைகள் பத்திரமாக இருந்தன. வழிமுறை எதுவும் இருக்காது, வெறும் எண்கள்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டால் அங்கிருந்து பின்னாலேயே நடந்து கேள்விக்கு வந்துவிடலாம். நடுவில் ஒட்டாத இடத்தில் 'எனவே' என்று ஒரு சொல் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

வலது பக்கத்தை எழுதி முடித்த பிறகு இடது பக்கத்தைத் தயாரிப்பேன். ஆம், தயாரிப்பேன். இந்த மாதிரிக் கணக்கில் ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று யோசித்து, அந்தத் தப்பை எழுதி, அதை அடிப்பேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. இரண்டு நிறப் பேனா. ஒரு வாரம் காபி டம்ளரின் வட்டத்தைக்கூடப் பதித்தேன். சார் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, உழைப்பு என்றால் இதுதான் என்றார். எனக்குப் பெருமையில் காது சூடானது. இப்போது எழுதும்போதும் சூடாகத்தான் இருக்கிறது, வேறு காரணத்துக்காக.

ஜனவரி வாக்கில் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய நண்பர் ஜெயநகரில் பெரிய பயிற்சி வகுப்பு நடத்துகிறார், பி.யு.சி. என்கிற பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு வருடமும் அதில் படிக்க எங்கள் ஹாலிலிருந்து ஒரு பிள்ளைக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரக் கணக்குகளைப் பார்த்து யாரென்று சார் முடிவு செய்வார்.

எனக்கு அது இன்னொரு கைதட்டல். அக்காவுக்கு அப்படியில்லை. பெரியப்பா பீன்யா தொழிற்பேட்டையில் மிஷின் ஆபரேட்டர். இரண்டு பஸ் மாறிப் போய் வருபவர். சயின்ஸ் எடுத்துவிட்டு நடுவில் திணறினால் யார் கைகொடுப்பது என்பது அவர் பயம். அந்த வகுப்பில் இடம் கிடைத்தால் சயின்ஸ், இல்லையென்றால் பேசாமல் காமர்ஸ் என்று சொல்லிவிட்டார். அக்கா சனி இரவே மூன்று கணக்கையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மாடி வீட்டு பீரோவில் ஒட்டினாள்.

இரண்டு கணக்கு சுலபம்தான். மூன்றாவது இது: பத்துப் படி உள்ள ஒரு படிக்கட்டில் ஒவ்வொரு படியாகவும் ஏறலாம், இரண்டு இரண்டாகத் தாவியும் ஏறலாம், கலந்தும் ஏறலாம். மொத்தம் எத்தனை விதமாக மேலே போகலாம்?

நான் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 98 என்று இருந்தது.

சரி, தொண்ணூற்றெட்டுக்குப் போகலாம் என்று சபை நோட்டீஸ் ஒன்றின் பின்புறத்தில் ஆரம்பித்தேன். தாவலே இல்லாமல் ஏறினால் ஒரே வழி. ஒரு தாவல் என்றால் ஒன்பது வழி. இரண்டு தாவலுக்கு இருபத்தெட்டு, மூன்றுக்கு முப்பத்தைந்து, நான்குக்குப் பதினைந்து, ஐந்துக்கு ஒன்று. கூட்டினால் எண்பத்தொன்பது. மறுபடியும் கூட்டினேன். எண்பத்தொன்பது. ஒன்பது குறைகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கேயாவது ஓர் ஒன்பது கிடைக்குமா என்று தேடினேன். கண்ணெதிரே ஒன்று இருந்தது, ஒரு தாவலுக்கான ஒன்பது. 'முதல் தாவலைத் தனியே கணக்கில் எடுத்தால் மேலும் ஒன்பது. எனவே 98' என்று எழுதினேன். அந்த வருடம் முழுக்க நான் சொந்தமாகச் செய்து சரியாக வந்த ஒரே விடை அந்த எண்பத்தொன்பதுதான். அதைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

அக்கா நிஜப் படிக்கட்டுக்கே போய்விட்டாள். எங்கள் வீட்டுப் படி பதினான்கு. அவள் பத்தாவது படியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். முதலில் ஒரு படி மட்டும் இருந்தால் எத்தனை வழி, இரண்டு படி இருந்தால் எத்தனை, மூன்று இருந்தால் எத்தனை என்று ஏறி ஏறி இறங்கினாள். எதிர்வீட்டு ஆன்ட்டி, என்னம்மா, கல்யாணத்துக்கு இப்போதே உடம்பைக் குறைக்கிறாயா என்று கன்னடத்தில் கிண்டல் செய்தார். அக்கா சிரித்துவிட்டு மறுபடி ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று எண்கள் வந்தன. முந்தின இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது என்று ஐந்தாவது படியில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஏன் அப்படி வருகிறது என்பதும் பிடிபட்டது. பத்தாவது படிக்கு ஒன்பதிலிருந்து ஓர் அடி வைத்து வர வேண்டும், அல்லது எட்டிலிருந்து தாவி வர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அப்படியும் திருப்தி இல்லாமல் எல்லா வழிகளையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரிசையாக எழுதிப் பார்த்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் நோட்டோடு கீழே வந்தாள்.

"எனக்கு எண்பத்தொம்போதுதான்டி வருது. உனக்கு எவ்ளோ வருது?"

தொண்ணூற்றெட்டு என்றேன். அவள் முகம் விழுந்தது. தான் எந்த வழியை விட்டுவிட்டோம் என்று கேட்டாள். நோட்டைத் திறந்து என்னுடைய கூடுதல் ஒன்பதைக் காட்டினேன். அந்த ஒன்பதில் ஒரு வழியையாவது ஏறிக் காட்டு என்றாள். வேறு எவளாக இருந்தாலும் அங்கேயே மாட்டியிருப்பாள். நான் மாட்டவில்லை. குரலை உயர்த்தாமல், கொஞ்சம் இரக்கம் கலந்து சொன்னேன்:

"அக்கா, எல்லாத்தையும் ஏறிப் பாத்துட்டிருக்க முடியாது. இது ஹையர் மேத்ஸ்."

அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். புத்தகம் பொய் சொல்லாது, அவள் தப்பான விடையோடு போய் நிற்கக் கூடாது. இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. என்னால் ஏற முடியாத படியில் அவள் நின்றுகொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அக்கா இரண்டு நாள் அந்த ஒன்பதைத் தேடினாள். வெள்ளிக்கிழமை மாலைகூடப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

சனிக்கிழமை சார் நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது கணக்கை மற்றவர்கள் யாரும் முடிக்கவில்லை. எங்கள் இரண்டு நோட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விடை எண்பத்தொன்பது என்றார். புத்தகத்தில் தொண்ணூற்றெட்டு என்று தப்பாக அச்சாகியிருக்கிறது, அவரே செய்து பார்த்துத் தன் பிரதியில் திருத்தி வைத்திருக்கிறார். புத்தகம் போட்டவரும் நானும் ஒரே இடத்தில் தடுக்கியிருக்கிறோம் என்றுதான் நினைத்தார், என்னிடமும் அந்தப் புத்தகம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, புத்தகத்தின் மேல் கோபம்.

அவர் அக்காவின் இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எண்பத்தொன்பதைச் சுற்றி ஒரு கட்டம். கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. கீழே என்னுடைய ஒன்பது, என்னுடைய வாக்கியம், என்னுடைய 'எனவே'.

"சரியாத்தானே போட்டிருக்க. இது பாத்து எழுதினதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது மூன்றாம் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது என்பது வரை நினைவிருக்கிறது.

"ஆமா சார்," என்றாள்.

இவள்தான் நோட்டைத் திறந்து காட்டினாள் என்றோ, இவள் பேச்சைக் கேட்டுத்தான் மாற்றினேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. சாருக்கு வருத்தம்தான், ஆனால் விதி அவர் வைத்தது. என் விடை தப்பு என்றாலும் தப்பு என் சொந்தத் தப்பு, இத்தனை வாரமும் எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன் என்று இடத்தை எனக்குக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. ஹாலில் இருந்தது, வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் இருந்தது. மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்து, பெங்களூரில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க என் மகளைக் கர்த்தர் நினைத்தருளினார் என்று தழுதழுத்தபோதுகூட இருந்தது. சபையே ஸ்தோத்திரம் சொன்னது. முன்வரிசையில் பெரியப்பா தலையைக் குனிந்திருந்தார். ஜெபத்துக்கா வேறு எதற்கா என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று அம்மா நினைத்திருப்பாள்.

பி.யு.சி. சேர்ந்ததும் ஜெயநகர் வகுப்பில் ஐந்து வாரம் தாங்கினேன். அங்கே கொடுக்கும் கணக்குகளுக்கு விடைபோட்ட கடைசிப் பக்கம் கிடையாது. முதல் நாள் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. பஸ் தூரம், தலைவலி என்று வீட்டில் சொல்லி நின்றுகொண்டேன். அதற்குள் அக்காவைக் காமர்ஸில் சேர்த்தாகிவிட்டது. அவளுக்கு அது ஒத்துப்போகும், மெதுவாகச் செய்கிறவளுக்கு சயின்ஸ் கஷ்டம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். என் விடையை நம்பிவிட்டாளே, அவ்வளவு ஏமாளியா என்றுகூட உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நினைத்தேன்.

இப்போது அக்கா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறாள். வந்து இறங்கும் துணியில் எத்தனை சட்டை வரும், எந்த அளவை எப்படி மாற்றி அடுக்கினால் வீணாகாது என்று பார்க்கிற பிரிவு. அங்கே அவள் சொன்னால் கத்திரி ஓடும், அவள் சொல்லும்வரை ஓடாது. மூன்று நான்கு சட்டைக்கு முதலில் போட்டுப் பார்த்து, அப்புறம் ஐந்நூறுக்குப் போவாள். இதுவரை துணி குறைந்ததில்லை என்று அவளுடைய மேனேஜரே ஒரு கல்யாணத்தில் என்னிடம் சொன்னார்.

ஆனால் பெரிய ஆர்டர் என்றால் ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஃபோன் செய்வாள். போன வாரமும் செய்தாள். நீளம், அகலம், அளவுகள் எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தாள். மிஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டாள்:

"எனக்கு இவ்ளோதான்டி வருது. உனக்கு எவ்ளோ வருது?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் வாசித்ததில் பாதி புரியவும் இல்லை. சரியாக இருக்கிறது அக்கா, அனுப்பு என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

நான் எடுத்துக்கொண்டது ஜெயநகரில் ஒரு நாற்காலியை என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். ஐந்து வாரத்தில் அதை விட்டுவிட்டதால் கணக்குத் தீர்ந்ததாகவும் நினைத்தேன். படிக்கட்டில் கோடு இழுத்து, எண்பத்தொன்பது வழியையும் எழுதிவிட்டு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை என்று தன் காலாலேயே தெரிந்துகொண்ட ஒருத்தி இருந்தாள். அவள் இன்றுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.