இரவல் மெடல்

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் அண்ணன் பர்மா பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தார். சென்ட்ரலில் இறங்கி, தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது படிப்பகத்து வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் வா என்று கேட்கவில்லை. படிப்பகத்தின் காரியதரிசி மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"வெள்ளக்காரன் சோத்த துன்னுட்டு தொர வந்துகினு கீறாரு. வழி வுடுங்கப்பா."

சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவர் காதில் அது விழவேயில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. மலையில் ரோடு போடுவதற்காகப் பாறைகளுக்கு வெடி வைத்து வைத்து அவருக்கு இரண்டு காதும் போயிருந்தன. எதிரே நின்று உதடு தெரியப் பேசினால்தான் புரியும். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், ஊர்க்காரர்களைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்திருக்கிறார்.

தெரு சிரித்த அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இந்த வயதிலும் மன்னிக்கவில்லை.

வெள்ளைக்காரன்மேல் தெருவுக்கு இருந்த கோபம் நியாயமானதுதான். எங்களுக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் வீட்டில் சோறு இல்லாமல் பட்டாளத்துக்குப் போனவரைக் கேலி செய்த அந்தக் காரியதரிசி, சுதந்திரப் போராட்டத்தில் ஒருநாளும் ஜெயிலுக்குப் போனவர் அல்ல. யுத்த காலத்தில் அதே வெள்ளைக்காரனுடைய ரேஷன் கடையில் தராசு பிடித்தவர்.

அண்ணன் படிப்பகத்துக்குப் பேப்பர் பார்க்கப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். துறைமுகத்தில் வேலை கேட்டதற்கு, கிரேன் விசில் கேட்காதவன் கீழே நசுங்கிச் செத்தால் யார் பதில் சொல்வது என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும் 'செவிட்டு சோல்ஜர்' என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் ஒரு மரவாடியில் ரம்பம் இழுக்கும் வேலை கிடைத்தது. அதற்குக் காது தேவையில்லை. நான் திருவொற்றியூரில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தேன். மலேரியா காய்ச்சல் வந்து அவர் உதறும் நாட்களில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்களுக்கு நாங்கள்தான்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரியதரிசி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதர்ச் சட்டை, நரைத்த தலை, கும்பிட்ட கை.

"தம்பி கீறாரா, தங்கச்சி? நம்ம ஜவான்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கறோம். ஒரு மேஜர் வர்றாரு. நம்ம தெருவுல சண்டைக்குப் போனவரு தம்பி ஒருத்தருதான்."

"அது இப்பதான் தெரிஞ்சிதா உங்களுக்கு?" என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "எத்தினி ஜப்பான்காரன சுட்டே தம்பி?"

அண்ணன் அவர் உதட்டையே பார்த்தார். "நான் சுடலீங்க. ரோடு போட்டேன்."

"துப்பாக்கி குடுக்கல?"

"கடப்பாறதான் குடுத்தாங்க."

காரியதரிசியின் முகம் தொங்கிப்போயிற்று. "அத்த மேடைல சொல்லிகினு இருக்காத. சண்ட போட்டேன்னு சொல்லு, போதும். மெடல் கீதா?"

"வர்ல. நானும் கேட்டு எழுதிப் போடல."

"நான் ஒண்ணு பார்த்து ஏற்பாடு பண்றேன்."

அவர் தெருமுனை திரும்பும் வரைகூட நான் பொறுக்கவில்லை. "ரோசம் கீதாண்ணா உனக்கு? அவன் கூப்ட்டா போய்டுவியா?" என்று அண்ணன் எதிரே நின்று கத்தினேன்.

அண்ணன் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். யாரிடமோ சொல்லி இங்கிலீஷில் எழுதி வாங்கியிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த விஷயமே தெரியும். அண்ணனோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன் காத்திவாக்கத்து மீனவப் பையன் ஒருவன். ரோடு போடும் இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். அண்ணன்தான் புதைத்தார். அவனுடைய அம்மாவுக்கு சர்க்காரிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. மகன் உயிரோடு இருப்பதாக நினைத்து அவள் இன்னும் காத்திருப்பதாக மரவாடிக்கு வரும் மீனவர்கள் சொன்னார்களாம்.

"மேஜர் கையில இத்த குடுக்கணும். அவரு சொன்னா, புள்ள செத்துட்டான்னு அந்தம்மாவுக்கு எழுதி அனுப்புவாங்க" என்றார் அண்ணன்.

விழா படிப்பகத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் சாயங்காலம் நடந்தது. எந்தப் படிப்பகத்தில் அவர் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கினார்களோ அதன் வாசலிலேயே தோரணம் கட்டியிருந்தார்கள். அண்ணன் நான் வெளுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மேடைக்குப் பின்னால் வைத்து அந்தச் சட்டையில் காரியதரிசி ஒரு மெடலைக் குத்தினார். பெரம்பூரில் இருக்கும் ஒரு ஹவில்தாருடையதாம். மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வேறு சொன்னார்.

மேஜர் இங்கிலீஷில் பேசினார். காரியதரிசி அதைத் தமிழில் முழங்கினார். "எதிரிகளைச் சிதறடித்த சிங்கம்! இந்தத் தெரு என்றும் நன்றி மறவாது!" நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மேஜர் பொன்னாடை போர்த்தியதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். காரியதரிசி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "மனுவெல்லாம் அப்பறம் தம்பி" என்றார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. காகிதத்தை நீட்டினார். காரியதரிசி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மறுபடி இழுத்தார். அண்ணன் தடுமாறினார். பொன்னாடை நழுவிக் காலில் சிக்கிக்கொண்டது. கூட்டம் சிரித்தது.

எப்படி மேடை ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. "கைய எட்றா!" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. "வெள்ளக்காரன் சோத்த துன்னவன்னு சொன்ன வாயிதானடா இது? இந்த மெடல் யாருதுன்னு சொல்லுடா!" அண்ணன் சட்டையிலிருந்து மெடலைப் பிய்த்து மேஜைமேல் எறிந்தேன். சட்டை கிழிந்தது. மேஜர் எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், படியிறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார். காகிதம் அண்ணன் கையிலேயே இருந்தது.

அவர் வீடு வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கதவைச் சாத்தியதும் காது கேட்காதவர்களின் உரத்த குரலில் கத்தினார். "இத்தினி வருசம் கழிச்சி ஒரு மேஜரு முன்னால நின்னேன். கத்தி கெடுத்துட்ட!"

"அது பொய் மெடல்ண்ணா!"

"பொய்யா இருந்தா இன்னா? என் சட்டைலதான குத்துனான். உன் சட்டைலயா குத்துனான்?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு வாரம் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்தோம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, "காத்திவாக்கம் போறேன். வர்றியா?" என்றார். எண்ணூருக்கு ரயிலில் போய், உப்பங்கழிக் கரையோரமாக நடந்தோம். அந்தம்மா குடிசைக்கு வெளியே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்துக்கு ரயில் ஏறிய அன்று மகனோடு பார்த்திருந்த அண்ணனை அடையாளம் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"எங்கடா எம்புள்ள?"

"காச்சல்ல போய்ட்டாம்மா. யுத்தம் முடியறதுக்கு மிந்தின வருசமே. நாந்தான் பொதச்சேன்."

அவள் ஈரக் கையாலேயே அவர் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். "இத்த சொல்ல உனக்கு பத்து வருசமா? போஸ்ட்மேன் பின்னாலயே அலஞ்சேனேடா!" நான் தடுக்கப் போனேன். அண்ணன் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"சர்க்காரு காயிதத்தோட வர்லாம்னு இருந்தேம்மா. வெறுங்கையோட எப்டி வர்றதுன்னு..."

"காயிதம் எவனுக்குடா வேணும்? நீ வந்திருக்கலாம்ல?"

அவர் தலைகுனிந்து நின்றார். அவருக்காக ஊரோடு சண்டை போட்ட எனக்கு, அந்த இடத்தில் அவர் சார்பாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பட்டாளம் செய்யாததை அவரும்தான் செய்யவில்லை.

பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எங்க பொதச்ச?" அண்ணனும் உட்கார்ந்து ஈர மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ரோடு, அது மலையை ஒட்டித் திரும்பும் இடம், இரண்டு மரம். "மேல பெரிய கல்லு வெச்சேம்மா. நரி தோண்டக் கூடாதுன்னு."

"எந்த நாளு? திதி குடுக்கணும்."

"தேதி தெரியாது. அமாவாசைக்கு ரெண்டு நாள் மிந்தி. மழ வுடாம பெஞ்சிகினு இருந்துச்சு."

அவள் விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். "ஆடியா இருக்கும்" என்றாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் எங்களை அனுப்பினாள்.

ஒவ்வொரு ஆடி மாதமும் அண்ணன் மரவாடியில் லீவு சொல்லிவிட்டுக் காத்திவாக்கம் போனார். சில வருஷம் நானும் கூடப் போனேன். அந்தம்மா கடைசிவரை அவரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. திதிச் சோற்றை மட்டும் முதல் இலையில் அவருக்குத்தான் போட்டாள்.