கிளம்ஸி என்ற சொல்லும் மீன் தலையும்

சென்ற வருடம் என் கணவர் சிங்கப்பூர் தேக்கா சந்தையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அங்கே இருக்கும் எங்கள் மீன் கடையை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவரை ஐஸிலிருந்து எடுத்து வெட்டுவது அவர், கழுவிப் பையில் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. மறுநாள் மார்சிலிங்கில் முதல் ரயிலைப் பிடித்து, டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி, தனியாக வந்து கத்தியை எடுத்தேன்.

துண்டு போடுவது வந்துவிட்டது. தலைதான் படுத்தியது. மீன் தலைக் கறிக்கு வெட்டும்போது செவுளோடு நிறுத்தக் கூடாது, கழுத்துச் சதையும் சேர்ந்து வர வேண்டும். வெட்டு கோணினால் சட்டியில் சதை உதிர்ந்துவிடும். பக்கத்துத் தெருவில் உணவகம் நடத்துபவர் தினமும் எங்களிடம்தான் தலை வாங்குகிறார். கடை ஓடுவதே அவரால்தான். நான் வெட்டியவற்றை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, ரொம்ப கிளம்ஸியா இருக்கு. இப்படியே போனா நான் வேற கடை பாக்கணும் லா."

இந்த ஊரில் அது பெரிய வசவில்லை. கோப்பி கொட்டினாலும், கைபேசி நழுவினாலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல். ஆனால் கத்தி பிடித்தவளிடம் சொன்னால், உனக்குக் கை வேலை வராது என்றுதான் அர்த்தம். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

திட்டு வாங்கினால் அது என்னவென்று முழுசாகத் தெரிந்துகொள்வது என் குணம். வீடு திரும்பும் ரயிலில் கைபேசியில் அந்தச் சொல்லைத் தேடினேன். வடக்கே பனி கொட்டும் நாடுகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. முதலில் அதற்குக் குளிரில் விறைத்துப்போவது என்று பொருளாம். விறைத்த விரல் எதையும் நழுவவிடும் அல்லவா? பிறகு நழுவவிடுகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

சிங்கப்பூரில் ஏது குளிர் என்று சிரிக்கப் போனவள், என் விரல்களைப் பார்த்தேன். விடியற்காலையிலிருந்து ஐஸுக்குள் கை விட்டு மீனை இழுக்கிறேன். வெட்டும்போது கத்தியின் பிடிகூட எனக்குத் தெரிவதில்லை. என் கணவருக்கு அது பல வருடப் பழக்கம், நான் புதிது. எனக்குக் கை வேலை வராமல் இல்லை, கை மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனேன். ஒரு கிண்ணத்தில் விளாவி, ஒவ்வொரு தலைக்கு முன்னும் விரல்களை முக்கியெடுத்துத் துடைத்துவிட்டு வெட்டினேன். எதிர்க்கடைக்காரர் கைக்கு அழகு பார்க்கிறாயா என்று கேலி செய்தார். செய்யட்டும். கத்தி எலும்பில் உரசும் இடம் இப்போது விரலுக்குத் தெரிந்தது.

உணவகக்காரர் வந்து தலைகளைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணன் வந்துட்டாரா?"

"இல்ல. நான்தான் வெட்டினேன்."

அவர் மறுபடி ஒரு தலையைத் திருப்பிப் பார்த்தார். தலைகளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை மறைக்க மாட்டேன். நாள் முழுக்க நிமிர்ந்தே நின்றேன்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு என் கணவர் கடைக்குத் திரும்பினார். முதல் தலையைப் பலகையில் வைத்து, பழைய பழக்கத்தில் கத்தியை எடுத்தார். உணவகக்காரர் குறுக்கே கை நீட்டினார்.

"தலைய மட்டும் அக்காவே வெட்டட்டும்ணே."

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு பிடி என் பக்கம் வருமாறு கத்தியைத் திருப்பி நீட்டினார்.