வாழைக்கன்று விற்ற வாயில்லாப் பூச்சி

வாழைக்கன்று விற்கிறவருக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே வாய் இருக்க வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன.

புது ஆள் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவர்களே, பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவர்களே, நான் உங்கள் கட்சி. நான் பட்டதை உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் டவுண் ரத வீதி ஜவுளிக்கடைகளில் பில் போடுகிறார்கள். எனக்கு மட்டும் படித்த செடியோடேயே வேலை கிடைத்தது, களக்காடு போகிற சாலையில் ஒரு திசு வாழை நாற்றுப் பண்ணையில். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த விரல் நீளக் கன்றுகள் தட்டுத் தட்டாக வந்து இறங்கும். அவற்றை மண் பையில் நட்டு, நிழல்வலைக்கு அடியில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் தேற்றி, ஐந்தாறு இலை விட்டதும் விவசாயிகளுக்குக் கொடுப்போம். கன்றும் பேசாது, நானும் பேச மாட்டேன். ஒற்றுமையாக இருந்தோம்.

ஆடி பிறந்ததும் வாசலில் விற்பனை பார்த்த அண்ணன் தூத்துக்குடிக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்த மேசையில் உட்கார வைத்தார். அவர் சொன்னது இதுதான்: “ஐப்பசி முடியட்டும், பாப்போம். அதுக்குள்ள வாயத் தொறந்தா இது உன் மேசை. இல்லேன்னா வேற ஆளத்தான் போடணும் பிள்ளே. ரெண்டு பேரை வச்சு நடத்த இது என்ன பெரிய கம்பெனியா?”

கிழங்கு எங்கே?

முதல் நாள் வந்தவர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி. தலையில் துண்டு, கையில் ஒரு பழைய உரச்சாக்கு. தாய்மரத்துப் பக்கக் கன்றைக் கிழங்கோடு பெயர்த்துத் தோளில் சுமந்தே பழகியவர். எங்கள் கன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பையைக் கவிழ்த்துப் பார்த்தார். “கிழங்கு எங்க?” என்றார்.

எனக்கு விடை தெரியும். இதற்குக் கிழங்கு நட்ட பிறகுதான் பருக்கும், நோயில்லாத குருத்துத் துண்டிலிருந்து வளர்த்தது, எல்லாம் ஒரே சமயத்தில் குலை தள்ளும் என்று மூன்று வரி சொல்ல வேண்டும். மூன்று வரியும் தொண்டை வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டன. பதிலுக்குப் பையைப் பிரித்து, மண்ணைத் தட்டிவிட்டு, கொத்தாக இருந்த வெள்ளை வேரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் வேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது கேட்டார்: “ஏ பிள்ளே, இது வாழையா, வெந்தயக் கீரையா?”

உயரம்

இரண்டாவது வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு உயரமான கன்றுதான் வேண்டும். அந்த அக்காவுக்குக் குட்டையாக இருந்த வரிசை பிடித்துவிட்டது. இரண்டு பேரும் நடுவில் என்னை நிறுத்தி வைத்துச் சண்டை போட்டார்கள். “நீ சொல்லு தாயி” என்று அவர் ஒரு பக்கம், “நீ சொல்லும்மா” என்று அக்கா ஒரு பக்கம்.

தப்பிக்க வழியில்லாமல் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினேன். “அது உள்பக்கத்து நிழல்ல நின்னு வெளிச்சம் தேடி நீண்டது அண்ணாச்சி, தண்டைப் பிடிச்சுப் பாருங்க, வலு இருக்காது.” அவர் பிடித்துப் பார்த்தார். வளைந்தது. குட்டைக் கன்றைப் பிடித்தார். விறைப்பாக நின்றது. முகம் கொஞ்சம் சுருங்கிப் போயிற்று. அந்த அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: “கேட்டீராவே? ஆளு உயரமா இருக்காருன்னு பாத்துக் கட்டிக்கிடாதட்டின்னு எங்க அம்மையும் அன்னைக்கு இதத்தான் சொன்னா!”

அன்று இருநூறு குட்டைக் கன்று போயிற்று. ஒரு வாக்கியத்துக்கு இருநூறு கன்று என்று சாப்பிடும்போது நினைத்துப் பார்த்தேன். மோர்மிளகாய் அன்றைக்குத் தனி ருசியாக இருந்தது.

தேங்காய் போடலாமா?

மண் பை நிரப்புகிற வேலையில் எங்களிடம் இருப்பவர் செல்லம்மாக்கா. பைகளில் வாழையோடு சேர்ந்து அழையா விருந்தாளிகளும் முளைக்கும். குப்பைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை. என் கணக்கில் அவை களை. ஆள் இல்லாத நேரத்தில் அவற்றைப் பிடுங்கி, ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அறிவியல் பெயரை எழுதி வைப்பேன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. சிலர் கோலம் போடுகிறார்கள் இல்லையா, அது மாதிரி.

செல்லம்மாக்கா கணக்கில் அவை மத்தியானக் குழம்பு. நான் களை என்று ஒதுக்கிய குவியலில் அக்கா எதை எடுக்கிறாள், எதை விடுகிறாள் என்று கவனித்தேன். பூ விடுவதற்கு முன்பே, இரண்டு இலைப் பருவத்திலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. எனக்குப் பூ வேண்டும், காய் வேண்டும், சில சமயம் பூதக்கண்ணாடியும் வேண்டும். அன்றிலிருந்து அவள் பார்க்கிற மாதிரி இளங்கன்றைப் பார்க்கப் பழகினேன். இலையின் அடிப்பக்கம், காம்பு, காம்பின் நிறம். ஒருநாள் அவள் என் நோட்டைப் புரட்டி, மூக்கிரட்டைப் பக்கத்தில் நின்றாள். “என்னட்டி எழுதிருக்க?” என்றாள். “போயர்ஹேவியா டிஃபியூசா” என்றேன். அக்கா மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டாள்: “சரி, அதுக்குத் தேங்கா போடணுமா வேண்டாமான்னு இதுல எழுதிருக்கா?”

மார்க்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அறிவியல் டீச்சர் பள்ளித் தோட்டத்துக்கு இரண்டே இரண்டு கன்று வாங்க வந்தார். இரண்டு கன்றுக்கு இருபது கேள்வி. எத்தனை அடி இடைவெளி? எப்போது பக்கக் கன்றை வெட்ட வேண்டும்? தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும்? ஒரே தாயிலிருந்து வந்த கன்றெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குமா?

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. விற்கத்தான் எனக்குத் தெரியாதே தவிர, கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரியும். மூன்று வருஷம் வாய்மொழித் தேர்வுக்கு நின்றவள்தானே. தரையைப் பார்த்தபடி இருபதுக்கும் சொன்னேன். டீச்சர் கடைசியில் கன்றுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரி. ஆனா என் மூஞ்சியப் பாக்காம என் செருப்பப் பாத்தே பதில் சொன்னதுக்கு அஞ்சு மார்க் கொறச்சிருக்கேன்.”

பச்சை கூடினால் நோயா?

ஐப்பசி முடிய ஒரு வாரம் இருந்தது. அதற்குள் ஆளுக்கு ஏழெட்டு வாக்கியம் வரை வந்திருந்தேன். முதலாளிக்கு அது போதவில்லை. வேறு ஒருவரிடம் பேசி வைத்திருப்பதாகச் செல்லம்மாக்கா காதைக் கடித்தாள்.

அன்று காலை ஏத்தன் வாழைக் கன்றுகள் இருக்கிற மூன்றாவது மேடையில் ஒரு கன்றின் காம்பு கண்ணில் பட்டது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நரம்போடு கரும்பச்சையில் புள்ளியும் கோடும். குருத்து இலை ஒடுங்கி விறைப்பாக நின்றது. முடிக்கொத்து நோய். வந்த வாழை குலை தள்ளாது, மருந்தும் கிடையாது. செடிப்பேன் அதை ஒரு கன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும். தேடினதில் அப்படி மூன்று கன்று கிடைத்தது. மேடையில் இருந்த ஐந்நூறையும் சுற்றிக் கயிறு கட்டினேன்.

பத்து மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இறங்கியவர் களக்காட்டில் பெரிய வாழைக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டு நேரே கயிறு கட்டிய மேடைக்குப் போனார். “ஐந்நூறு கன்னு வேணும், எல்லாத்தையும் இங்கன இருந்தே ஏத்து. கன்னுன்னா இதுல்லா கன்னு! என்னா பச்சை!”

முதலாளி ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். போனை எடுக்கவில்லை. நான் வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் போய் நின்றேன். “இது விக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி, நோய் இருக்கு” என்றேன்.

“பச்சை கொறஞ்சா நோயிம்பாவ. கூடுனாலுமா நோயி?”

காம்பை வெயிலில் பிடித்துக் காட்டினேன். அவர் பார்த்தார். “சரி, மூணுக்குச் சீக்கு. மத்தது என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினவள்தான், நிறுத்தவே இல்லை. செடிப்பேன் எப்படிப் பரப்பும், கோடு தெரிய ஏன் சில வாரம் ஆகும், இன்று நன்றாக இருக்கிற கன்று தை மாசம் எப்படிக் கூம்பி நிற்கும், அவர் வயலிலிருந்து பக்கத்து வயலுக்கும் அதற்கடுத்த வயலுக்கும் எப்படிப் போகும், அடுத்த வருஷம் அந்தப் பக்கத்து ஆட்கள் யார் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். அவர் நடுவில் நடுவில் “அது இல்ல பிள்ளே” என்றார். நான் விடவில்லை. ஏலம் கேட்கிற மாதிரி என் குரல் எனக்கே கேட்டது. வண்டிக்காரர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார், இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். இன்னொரு டீ குடிக்கப் போய்விட்டார்.

கடைசியில் வண்டி காலியாகத் திரும்பியது. நான் மண் மூட்டை மேல் உட்கார்ந்தேன். சீசனின் பெரிய வியாபாரத்தை, தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, நானே வாசல் வரை போய் வழியனுப்பியிருக்கிறேன். செல்லம்மாக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “வாயத் தொறந்தா முத்து உதிந்திரும்னுல்லா இருந்த? இன்னைக்கு சாக்கோட அவுத்துக் கொட்டிட்டியேட்டி!”

புகார்

மறுநாள் காலை முதலாளி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். அவர் மூன்றாவது மேடைக்கு நடந்து, ஒரு காம்பை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். இன்னும் நான்கு கன்று அகப்பட்டது. அவர் கடப்பாரையை எடுத்து வரச் சொன்னார். தோட்டத்து மூலையில் குழி வெட்டி ஐந்நூறையும் புதைத்தோம். தினமும் நான் தண்ணீர் தெளித்த கன்றுகள். ஆனால் சொல்கிறேன், மண் தள்ளும்போது எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி அந்த நோய் ஒரு வயலுக்கும் போகவில்லை என்கிற நினைப்பில் முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

கை கழுவிவிட்டு வரும்போது முதலாளியின் போன் அடித்தது. களக்காட்டுக்காரர். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பண்ணை முழுக்கக் கேட்டது. “வே, என்ன பிள்ளைய வே வாசல்ல வச்சிருக்கீரு? நின்ன நிலையில ஒரு மணி நேரம் பேசுதா! என்னைய ஒரு வார்த்தை பேச விடல. இம்புட்டு வாயா ஒரு பொம்பளப் பிள்ளைக்கு? ஒரு கன்னு தர மாட்டேனுட்டா வே!” மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னார்: “அடுத்த ஈடு எப்பம் வருதுன்னு கேட்டுச் சொல்லும். ஐந்நூறு எனக்கு. அதை அந்தப் பிள்ளையே பாத்து எடுத்துத் தரணும், நீரு கை வைக்கப்பிடாது.”

முதலாளி போனை வேட்டியில் துடைத்துப் பைக்குள் வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று மீசையில் தெரிந்தது. மேசையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: “வேற ஆள வர வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா ஒண்ணு பிள்ளே, அவரு திரும்பி வாரப்ப கொஞ்சம் சுருக்கமாப் பேசு.”

கூச்சம் போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள்; அது எங்கேயும் போகவில்லை, நான் வாழையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தனக்கு இங்கே வேலையில்லை என்று எழுந்து வண்டிக்காரரோடு டீ குடிக்கப் போய்விடுகிறது.