அடுப்பங்கரைக் கல்

எங்கம்மா என்னை அடுப்பங்கரைக்குள் விட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து என்று சொன்னால் அது பொய். எனக்கு ஒன்பது வயதில் வீட்டுக்குக் கல் கூரை போட்டோம், அன்றிலிருந்து என்பதுதான் சரி. அதற்கப்புறம் நிலைப்படியைத் தாண்டிக் கால் வைத்தால் ஊதுகுழல் பறந்து வரும். பெண் பிள்ளையை அடுப்பிலிருந்து துரத்துகிற தாயை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. "இவளை எந்தச் சீமைக்கு ராணியா அனுப்பப் போறே?" என்று அத்தை, அப்பாவின் அக்கா, கேட்காத நாளில்லை. அம்மா அடுப்பை ஊதப் போய்விடுவாள். அம்மாவுக்கு என்னைக் கண்டால் ஆகாது, அவ்வளவுதான் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு இருந்தது நாட்டு ஓடு. கெலமங்கலத்துக்கு வெளியே, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. மூங்கில் எல்லாம் உளுத்து, குரங்குகள் நடந்து நடந்து ஓடுகள் நொறுங்கி, கூரை என்ற பேருக்கு ஏதோ ஒன்று மேலே கிடந்தது. ஒரு மத்தியானம் தூளியில் கிடந்த தம்பி மேல் ஓட்டுச் சந்திலிருந்து தேள் விழுந்து கொட்டிவிட்டது. பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். மறுநாள் அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. "இந்தக் கூரையை மாத்தாம இந்த வூட்ல இனி படுக்கறதில்லை" என்றார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான்கள், கூரையை மாற்றிப் பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். ஊரில் ஆளுக்கொரு யோசனை. அத்தைக்கு மங்களூர் ஓடு. டீக்கடைக்காரருக்குத் தகரம். தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை, அது வாத்தியார் வீட்டுக்கும் மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக்கும் எழுதி வைத்தது. அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டினார். அவருக்கு சிமெண்ட் சீட்டுதான். "அத்தனை பெரிய கம்பெனிக்கே அதுதான் போட்டிருக்கான், நம்ம வூட்டுக்கு என்ன கேடு?" என்பார். ஓசூரிலிருந்து ஒரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பாதி கன்னடம் பாதி தமிழில் பேசிக்கொண்டே டேப்பை இழுத்து, அளவை சிகரெட் அட்டையில் குறித்து, ரெண்டே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லி காப்பி குடித்தார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பர்கூர்ப் பக்கம் கல் உடைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். "ஆடிக் காத்துல அம்மியே பறக்குது, உங்க சீட்டு எம்மாத்திரம்? கல்லு போடுங்க, நம்ம காலத்துக்கும் பிள்ளைங்க காலத்துக்கும் அசையாது" என்றாள். பர்கூர்ப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குப் பலகைக் கல்தான் கூரை. ஆள் நீளத்துக்குப் பலகை போலப் பிளந்த கல்லை வரிசையாகச் சுவர் மேல் பரப்பி, இடுக்கில் கலவை ஊற்றினால் முடிந்தது வேலை. ஆனால் அம்மா கல்லுக்கு மட்டும் சண்டை போடவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். கல்லுக்குப் பின்னால் அவள் தம்பி நின்றுகொண்டிருந்தார்.

அதுதான் என் மாமா. இருபத்து மூன்று வயது. அப்பன் ஆத்தாள் இல்லாத வீட்டில் அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. குவாரியில் கூலிக்கு இருந்தவர் அப்போதுதான் சொந்தமாகக் கூரை வேலை பிடிக்க ஆரம்பித்திருந்தார். அதுவரை போட்டது ரெண்டே கூரை. மூன்றாவது அக்கா வீடாக இருந்தால் நாலு பேர் நம்புவார்கள் என்று அம்மா நினைத்தாள். மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து கேட்டாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார், ஆனால் சும்மா இறங்கவில்லை. அந்த மேஸ்திரியை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு கல்லுல மசிரிழை கீறல் இருந்தாலும் உன் தம்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அப்புறம் உனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இல்லைன்னு நெனச்சிக்கோ."

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒரு வேப்பமரத் தகராறில் சொந்த அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே பஸ்ஸுக்கு நிற்கும்போது ரெண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு அது வேடிக்கை. அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

வைகாசியில் ஓடு பிரித்தோம். கல் ஏற்றிய லாரி ராயக்கோட்டை வழியாகக் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தது. எண்ணி எடுத்து வந்த கல், ஒன்று கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மாமா எல்லாவற்றையும் புளியமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, என் கையில் ஒரு சின்ன சுத்தியலைக் கொடுத்தார். "தட்டிப் பாரு கண்ணு. கோயில் மணி மாதிரி கணீர்னா நல்ல கல்லு. ஒடைஞ்ச பானை மாதிரி கேட்டுதுன்னா உள்ள கீறல் இருக்குது" என்றார். நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு கணீருக்கும் மாமா "சபாஷ்" என்றார். கடைசிக்கு முந்தின கல் 'டொக்' என்றது.

மாமா சிரித்துக்கொண்டே வந்து தானே தட்டினார். மறுபடி தட்டினார். காதை வைத்துக்கொண்டு தட்டினார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "குவாரில நல்லாதான்க்கா இருந்துச்சு. வர்ற வழியில அடிபட்டிருக்கும்" என்று, மோர்ச் செம்போடு வந்த அம்மாவிடம் சொன்னார். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி ஒரே ஒரு தட்டு தட்டினாள். ரெண்டாம் தட்டு அவளுக்குத் தேவைப்படவில்லை. அப்பா அப்போது ஷிப்டில் இருந்தார். வேறு கல் கொண்டுவரப் பர்கூருக்கு லாரி போனால் ஊருக்கே தெரியும், அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மா என் வாயைப் பொத்தினாள். "அப்பாகிட்ட சொன்னீன்னா மாமா இனிமே நம்ம வூட்டுக்கே வரமாட்டாரு."

மாமா வரமாட்டார் என்றால் எனக்கு உலகமே இல்லை. நான் சொல்லவில்லை. கீறல் என்றால் பானையில் கோடு விழுகிற மாதிரி, பார்க்க நன்றாக இருக்காது, அதற்குத்தான் இத்தனை கலவரம் என்று நினைத்தேன். மறுநாள் ஆட்கள் கயிறு கட்டிக் கல்லை ஏற்றும்போது, அந்தக் கல்லை எங்கே போடுவது என்று மாமா கண்ணாலேயே கேட்டார். பிள்ளைகள் படுக்கிற அறை, அப்பா படுக்கிற நடை, அடுப்பங்கரை, இவ்வளவுதான் வீடு. "அது என் தலைக்கு மேலயே இருக்கட்டும்டா" என்றாள் அம்மா.

அப்பா வந்து கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "பரவாயில்லை, உன் தம்பி தேறிட்டான்" என்றார். அம்மாவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை, அன்றைக்குப் பாயசம்கூட வைத்தாள். என்னை முதல் முதலாக வெளியே தள்ளியதும் அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அம்மாவுக்குச் சில விசித்திரங்கள் வந்தன. வெயில் நாளில் புழக்கடையில் மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே சமைப்பாள். கேட்டால் உள்ளே புகை என்பாள். மழை பெய்தால்தான் உள்ளே போவாள். தம்பி அந்தப் பக்கம் தவழ்ந்து போனால் பதறிக்கொண்டு ஓடுவாள். சில நாள் உரலைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி, விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அந்தக் கல்லில் ஒரு பொட்டு வைப்பாள். எதற்கு என்று நிலைப்படியிலிருந்து கேட்டேன். பல்லி வராமல் இருக்க என்றாள். எங்கள் வீட்டில் பல்லியே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

தைக்குத் தை மாமா பொங்கல் சீர் கொண்டு வருவார். கரும்பும் சேலையும் மஞ்சள் கொத்துமாக அவர் வாசலில் நிற்கும்போது அம்மா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேதான் வாங்குவாள், எனக்கும் கேட்க ஒரு நாதி இருக்கிறது பாருங்கள் என்கிற மாதிரி. "நல்ல கல்லு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்க்கா, மச்சான் ஷிப்டு போற நாளாப் பாத்து மாத்திடறேன்" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். "ஆகட்டும்டா, சாப்பிடு" என்பாள் அவள். இப்படியே ரெண்டு தை போனது.

அந்த ஐப்பசியில் விடாமல் ஒரு வாரம் மழை. புழக்கடை அடுப்பு நனைந்து கரைந்துபோனது. எனக்குப் பதினோரு வயது. அம்மா உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்லத்துக்காகப் பூனை மாதிரி உள்ளே நுழைந்தேன். திரும்பிப் பார்த்தவள் ஊதுகுழலால் கெண்டைக்காலில் ஒன்று போட்டு, "வெளிய போடீ" என்று பிடித்துத் தள்ளினாள். நான் வாசலில் போய் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டு, அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த வார்த்தைகளை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே கல் விழுந்தது.

கல்லைப் புரட்டி அவளை எடுக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. தக்காளி ஏற்ற வந்த டெம்போவில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

பர்கூரிலிருந்து ஓடி வந்த மாமா, ரெண்டாக உடைந்து கிடந்த கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு பிடித்த மாதிரி சுண்ணாம்புப் பொட்டுகள். "அது பல்லிக்கு வச்சது மாமா" என்று நான்தான் சொன்னேன். அவர் தலை தலையாக அடித்துக்கொண்டார். பாறையில் கீறல் தெரிந்தால் குவாரிக்காரர்கள் அதன் நுனியில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார்களாம். அடுத்த முறை கீறல் பொட்டைத் தாண்டியிருந்தால், வளர்கிறது என்று அர்த்தம். அம்மா பதினாறு பொட்டு வைத்திருந்தாள்.

மாமா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்தப் பொட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். யாரிடம் சொல்வாள், அப்பா? உங்களிடமா? இதை அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. மாமா அதற்கப்புறம் வரவில்லை. அடுப்பங்கரை ஓட்டைக்கு அப்பா சிமெண்ட் சீட்டுதான் போட்டார். ஆடிக் காற்று வந்தது, போனது. சீட்டு பறக்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் புரிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் டெம்போவில் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. ஊதுகுழல் பட்ட இடம் காலில் எரிந்துகொண்டிருந்தது. பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்து, "பாப்பா உள்ள இல்லியே?" என்றாள். அத்தை என்னை இழுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். "வெளியதானே கண்ணு இருந்தே?"

"நீதானே தொரத்துன" என்றேன் நான்.

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. ஓசூர் போய்ச் சேரும்வரை எனக்குக் கோபம் தீரவே இல்லை.