ஃபிக்ரியா கிழித்த கோடுகள்

பணியாளர் எண் 214. பதவி: துப்புரவு, கடைநிலை. எழுத்தறிவு: இல்லை. நோயாளிகளுடன் பேச வேண்டிய அவசியம்: இல்லை.

எழுத்தறிவு இல்லை என்பது உண்மை. மற்றது எழுதியவரின் ஆசை.

நைல் கழிமுகத்தின் அந்தச் சிற்றூர் அரசு மருத்துவமனையில், வயிற்றை வெட்டாமல் பிள்ளை பெறுபவளைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் வெட்டுப்பட்டவர்களில் ஒருத்திக்கும் உள்ளே கத்தி எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாது. ஸுஹேருக்கும் தெரியாது. வெளித்தழும்பு அடிவயிற்றில் அழகாகப் படுத்திருந்தது. அதை நம்பி, இரண்டாவது பிரசவத்தில் வலியோடு காத்திருந்தாள். உள்ளே கருப்பையில் வெட்டு மேலிருந்து கீழாக இருந்தது. அது பிளந்தது. அவள் செத்துக்கிடந்த நான்காம் கட்டிலைக் கழுவியவள் ஃபிக்ரியா.

பேய்களுக்கு இருட்டு வேண்டும் என்பார்கள். ஸுஹேர் பத்தரை மணிக்கு, டாக்டர்கள் சுற்றிவரும் நேரத்தில்தான் வருவாள். "உம்மு ஹானி, தண்ணி," என்பாள் ஃபிக்ரியாவிடம்; ஹானியின் அம்மா என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். பதினோரு ஆண்டுகளாக.

அன்று நான்காம் கட்டிலில் ரஷா. மூத்த மகனை அறுவையில்தான் எடுத்தார்கள், இதையாவது தானே பெற வேண்டும் என்று பிடிவாதம். வலி தொடங்கியிருந்தது. பழைய கோப்பு, குழாய் வெடித்ததில் கூழாகிவிட்டது. இளம் டாக்டர் வஜீஹ் தழும்பைப் பார்த்தார்.

"படுக்கை வெட்டுதான். சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம்."

"உம்மு ஹானி, தண்ணி," என்றது குரல். ரஷாவின் உதடுகள் அசையவில்லை.

ஃபிக்ரியா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு ரஷாவின் மாமியாரிடம் போனாள். "மூத்தவனோட ஊசி அட்டை இருக்கா ஹாஜ்ஜா?"

"பிரசவத்துக்கு வந்தவகிட்ட ஊசி அட்டையா! அடுத்து என்ன, என் கல்யாணப் பத்திரமா?" என்றாலும் பையைக் குடைந்து எடுத்தாள். பள்ளிக்கூடம் கேட்கும் காகிதத்தை அங்கே யாரும் தொலைப்பதில்லை.

அட்டையின் மூலையில் நீல மையில் ஒரு கோடு, நிமிர்ந்து நின்றது.

"டாக்டர் மகனே, இவளை வலியில விடாதீங்க. இவளுக்கு உள்ளே நின்ன வெட்டு."

"யார் கிறுக்கினது?"

"நான்தான்."

"மருத்துவ அட்டையில நீங்க எழுதுறதா?"

"எழுதல. கோடு கிழிச்சேன். எனக்கு எழுத வராதுன்னு உங்க காகிதமே சொல்லுதே." பிறகு குரல் தணிந்தது. "அன்னைக்குப் பெரிய டாக்டர் கை கழுவும்போது கேட்டேன். பிள்ளை குறுக்கே கிடந்துச்சு, நெடுக்கா வெட்டினேன்னார். படுத்த கோடா இருந்தா நானே வாயைத் திறக்க மாட்டேன்."

வஜீஹ் ரஷாவைப் பார்த்தார்.

"குறுக்கேதான் கிடந்தான்," என்றாள் அவள். அழுதாள். "இந்தத் தடவையும் நான் பெக்கலையா?"

"பத்து மாசம் சுமந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள் மாமியார், அவளும் அழுதபடி.

ரஷா தலையசைத்தாள். வஜீஹ் உடனே அறுவைக்குச் சொன்னார். பழைய வெட்டு வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது, இன்னும் பிளக்கவில்லை. பெண் குழந்தை, வந்ததும் கத்தியது.

அறுவை முடிந்து வெளியே வந்த வஜீஹ் கை கழுவினார். ஃபிக்ரியா பக்கத்தில் போய் நின்று, இம்முறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் குழந்தையின் புது ஊசி அட்டையில் ஒரு கோடு கிழித்தாள்.