மூன்றாம் எண் பிரேக்பாயிண்ட்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், "ஹெப்சிகிட்டயா சொல்லுத? அவ ஆதாரம் கேப்பால்லா" என்பார்கள். செய்கிற வேலை அப்படி. நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும். இன்னொருவர் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் என் வீட்டில், பட்டப்பகலில் நடந்ததை இல்லை என்று நான் எப்படிச் சொல்ல?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஒரு புரோகிராம் ஓடும்போது தப்பு எங்கே என்று பார்க்க உதவுவது டிபக்கர். அதில் ஏதாவது ஒரு வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தால், ஓடுகிற புரோகிராம் அந்த வரிக்கு வந்ததும் நிற்க வேண்டும். மேலநீலிதநல்லூர் போகிற டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறதா, நிற்காமல் பறக்கிறதா என்று பார்ப்பது மாதிரிதான். அதைத் தானாகவே சோதித்துச் சொல்கிற டெஸ்ட்களை எழுதுவது என் வேலை. எனக்கு முன்னால் அது என் வீட்டுக்காரர் ஜெபாவின் வேலை. இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே அறை, ஒரே மேசை. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் கடைசியாக எழுதிய டெஸ்ட் ஒன்று ஒரு நாள் பாஸ் ஆகும், மறுநாள் ஃபெயில் ஆகும். டிபக்கரில்தான் கோளாறு, சில நேரம் நிற்காமல் போகிறது என்று அவர் கடைசிவரை சாதித்தார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இது நடந்த வாரம் சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"ஹெப்சி, வெள்ளிக்கிழமையோட அந்த டெஸ்ட்டை எடுத்துடலாம். ஜெபா எழுதினதுலதான் ஏதோ தப்பு."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. செத்த மனுஷன் வந்து வாதாடவா முடியும்? அவர் சொன்னது சரி என்று காட்ட எனக்கு அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான் மிச்சம்.

அன்று காலையிலிருந்து இரண்டு பிரேக்பாயிண்ட் வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிடிபடவே இல்லை. ரோடு தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிட்டதால் இன்டர்நெட்டும் கிடையாது. மதியம் சாப்பிட்டு எழுந்தபோது முன்னறையில் தையல் மெஷின் நின்றது. ஜெபாவின் அக்கா ஜெயா மதினிதான் அங்கே தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பச்சை நூல் தீந்துட்டு. செத்த போயி வாங்கிட்டு வாரியா? ஒனக்கும் கொஞ்சம் காத்தாடுன மாதிரி இருக்கும்லா."

கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போனேன். பூட்டினேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

நூலோடு திரும்பி வந்தால் மதினி வாசலிலேயே நிற்கிறாள், முகமெல்லாம் வெளுத்து.

"நீ இப்பத்தான் வாரியா?"

"ஆமா மதினி, ஏன்?"

"அப்பம் உள்ள யாரு? தட்டுத சத்தம் கேட்டுச்சே. நீ பின்வாசல் வழியா வந்துட்டேன்னுல்லா நெனச்சேன். டப்பு டப்புன்னு அடிக்கவும், பழக்கத்துல, 'ஏலே, மெல்லத் தட்டு, ஒடஞ்சிரப் போவுது'ன்னு சத்தம் போட்டேன். ஒடனே மெல்ல கேட்டுச்சுட்டி."

ஜெபா கீபோர்டை ஆணி அடிக்கிற மாதிரிதான் அடிப்பார். மதினி நாள் தவறாமல் அவரை அப்படித்தான் திட்டுவாள்.

நூலை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அறையில் ஆள் இல்லை. பின்கதவு உள்பக்கமாகத் தாழிட்டபடியே இருந்தது. இன்டர்நெட் இல்லாததால் வெளியூரிலிருந்தும் யாரும் கம்ப்யூட்டரில் கைவைத்திருக்க முடியாது. கம்ப்யூட்டர் திரை பூட்டு நீங்கித் திறந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், புரோகிராம் ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே, இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்கிற கட்டளை அடித்திருந்தது. புரோகிராம் நின்றதும் நாங்களெல்லாம் அடுத்த வரிக்கு நகரத்தான் பார்ப்போம். ஜெபா மட்டும் எப்போதும் முதலில் அதை அடிப்பார். "எங்கன நிக்கோம்னு தெரியாம எங்கன போவ?" என்பார்.

நின்றிருந்த இடம், நாங்கள் யாருமே பார்க்க நினைக்காத இடம். புரோகிராமில் ஒரு பகுதி மட்டும் தாமதமாக வந்து சேரும், அது நுழைகிற வாசல். அங்கிருந்து வரி வரியாக நகர்த்திப் பார்த்தேன். அந்தப் பகுதி வந்த செய்தி டிபக்கருக்குச் சில நேரம் பிந்திக் கிடைக்கிறது. அது நிறுத்தத்தை நடுவதற்குள் பஸ் போய்விடுகிறது! ஜெபாவின் டெஸ்ட் சரி. கோளாறு டிபக்கரில்தான். மதினியைக் கட்டிக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

சாயங்காலம் மேனேஜரிடம் போனில் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஜெபா சொன்னது சரிதாம்மா" என்றார். டிபக்கரைத் திருத்தினார்கள். அந்த டெஸ்ட் இன்றும் அவர் பெயரோடு தினமும் ஓடுகிறது, தினமும் பாஸ் ஆகிறது.

மதினிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "எந்தம்பி வந்துட்டுப் போனாம்" என்று சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். கம்ப்யூட்டரை நானே பூட்ட மறந்து திறந்து போட்டிருப்பேன், மதினிக்குப் பிரமை என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தவள்தான்.

ஆனால் ஒன்று இருக்கிறது. டிபக்கர் ஒவ்வொரு பிரேக்பாயிண்டுக்கும் வரிசையாக எண் கொடுக்கும். ஒன்றை வைத்து அழித்துவிட்டாலும் அதன் எண்ணை வேறெதற்கும் கொடுக்காது. நான் வைத்தவை ஒன்றும் இரண்டும். அந்த வாசலில் நின்றது நான்கு. திரையில் பதிவாகியிருந்த கட்டளைகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான்காவதை வைத்த வரி இருக்கிறது. மூன்றாவதை வைத்ததற்கோ எடுத்ததற்கோ ஒரு வரிகூட இல்லை.

அவர் மூன்றாவதை எங்கே வைத்தார்? இன்றைக்கும் வேலைக்கு நடுவில் திடீரென்று இந்தக் கேள்வி வந்து மயிர்க்கூச்செறியும். அது இன்னும் எடுக்கப்படாமல் எங்கேயோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்றைக்காவது நான் அந்த இடத்துக்கு வந்து நிற்பேன். நின்றதும் முதல் வேலையாக, எங்கே நிற்கிறோம் என்று கேட்பேன்.