பதினொன்று இருபதுக்கு வருபவள்

எங்கள் பள்ளியின் வாசிப்பு ஆசிரியை மாடிப்படி முடியும் இடத்தில் அறிவிப்புப் பலகைக்கு நேராக நின்று, தீ விபத்தின்போது கடைப்பிடிக்க வேண்டிய ஏழு விதிகளை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறார். மணி அடித்து, ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் திமுதிமுவென்று இறங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் கடந்து போகும்வரை படிப்பார். கடைசிக் காலடியும் போன பிறகுதான் திரும்புவார். ஒன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவரைப்போல மனப்பாடமாகத் தெரிந்தவர் தீயணைப்பு நிலையத்தில்கூட இருக்க மாட்டார்.

ஒருநாள் காரணம் கேட்டுவிட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார்.

"அந்தக் கூட்டத்துல எங்கிட்ட படிச்சிட்டுப் போனதுங்க பதினஞ்சு இருபது இருக்கும் மாஸ்டர். என்னைப் பார்த்தா வணக்கம் சொல்லணும். சொன்னா பக்கத்துல வர்றது, 'உனக்கு எப்படிடா அந்த மிஸ்ஸைத் தெரியும்'னு கேக்கும். எதுக்கு வம்பு? நானே திரும்பிக்கிட்டா யாருக்கும் கஷ்டம் இல்ல."

எங்கள் பள்ளியில் அவரைத் தெரியும் என்று ஒரு பிள்ளை சொன்னால், ஒரு காலத்தில் வாசிக்கத் திணறியவன் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால் அவரிடம் தேறி வகுப்புக்குத் திரும்பியவர்கள் எல்லாம் அவரை மறந்தவர்களாக நடிக்கிறார்கள். அவர் சொல்லிக் கொடுத்த பாடங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

நான் ஓவிய ஆசிரியன். இரண்டாம் மாடிக் கோடியில் முன்பு சாமான் அறையாக இருந்த இடம்தான் அவருடைய அறை. அங்கே இருக்கும் அலமாரியில் பாதி என்னுடையது. தாளும் வண்ணப் பொடியும் எடுக்க நாளைக்கு மூன்று தடவை போவேன். தேவையில்லாமலும் இரண்டு தடவை போவேன். ஒரு மேசை, ஒரு பெரிய நாற்காலி, ஒரு சின்ன நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். அவர் கழுத்தில் ஷூ லேஸில் கோத்த ஸ்டாப்வாட்ச் தொங்கும். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச் மிஸ். நாங்களும் அவர் இல்லாதபோது அப்படித்தான் சொல்கிறோம்.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் பள்ளியில் வாசிப்பைச் சோதிப்பதெல்லாம் கிடையாது. வருடக் கடைசியில் பிள்ளை தேறவில்லை என்று தெரியும், அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டுவோம், அவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் திட்டுவார், அதோடு கதை முடிந்தது. இவர் வந்த முதல் மாதமே என்னிடம் ஒரு சுருள் பழுப்புத்தாள் கேட்டு வாங்கினார். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டி மூன்று அடுக்கு வரைந்தார். முதல் அடுக்கில் இருப்பவர்களுக்கு வகுப்புப் பாடமே போதும். இரண்டாம் அடுக்குக்கு வாரத்தில் மூன்று நாள், ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். மூன்றாம் அடுக்குக்குத் தினமும் நாற்பது நிமிடம், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளும் ஒரு நிமிடம் உரக்க வாசிக்க வேண்டும். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, அதற்கேற்பப் பெயர் அட்டையை மேலேயோ கீழேயோ நகர்த்துவார்கள்.

எல்லாரும் என்றால் எல்லாரும். முதல் ரேங்க் வாங்கும் பெண்ணின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "எம் பொண்ணு என்ன மக்கா? அவளுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

"காய்ச்சல் யாருக்குன்னு பார்க்கணும்னா எல்லார் வாய்லயும்தாம்மா தெர்மாமீட்டரை வைக்கணும்" என்றார் இவர்.

அந்த வருடமே மூன்றாம் ரேங்க் பையன் ஒருவன் மாட்டினான். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் கடகடவென்று வாசித்தான். பாடம் முழுவதையும் அக்காவைச் சொல்லச் சொல்லிக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஏழு மாதம் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, இப்போது அவனும் மற்றவர்களோடு அவர் முதுகுக்குப் பின்னால் இறங்கிப் போகிறான்.

அளக்கிற பழக்கம் அவரோடு வீட்டுக்கும் போகிறது. தனியாக இருக்கிறார். பால் பொங்க நாலு நிமிடம் பத்து வினாடி. வீட்டுக்காரம்மா வாடகை வாங்க வந்தால் வாசலில் நிற்பது ஒன்றரை நிமிடம். வெளியூரில் இருக்கும் தங்கை ஞாயிறு காலையில் போன் செய்வாள். "போன வருஷம் சராசரி ஒன்பது நிமிஷம் பேசினா மாஸ்டர். இந்த வருஷம் நாலரைதான் வருது. அவளை ரெண்டாம் அடுக்குல போடணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பதினொன்று இருபதுக்கு வருகிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு. ஒரு வருடம் இரண்டு மாதமாக மூன்றாம் அடுக்கில் இருந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தையல். வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். பேசச் சொன்னால் பிடிக்க முடியாது. கதவைத் திறக்கும்போதே "மிஸ், நேத்து எங்க வீட்ல என்ன ஆச்சு தெரியுமா" என்றுதான் வருவாள். லாரி டயர் வெடித்தது, ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்தது, தம்பி பட்டனை விழுங்கியது எல்லாம் அந்த அறைக்கு வந்து சேரும். முதல் ஐந்து நிமிடம் அதற்கு என்று ஆசிரியையே ஒதுக்கியிருந்தார். சில நாள் அது பதினைந்து நிமிடமாவதை நான் அலமாரிப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவள் கேட்டாள். "உங்க வீட்ல உங்ககூட யாரு மிஸ் பேசுவா?"

"குக்கர் பேசும். மூணே வார்த்தை."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த வருடம் பள்ளியில் நாடகம் போட்டோம். ஒத்திகை தினமும் பதினொன்று இருபதுக்கு, கீழே ஹாலில். அதில் தபால்காரி வேடம் ஒன்று. மேடைக்கு வந்து, பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்து, எட்டு வரியை ஊரே கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். அந்த வேடம்தான் வேண்டும் என்று இந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். "மூணாம் அடுக்குல இருந்து வெளிய வா, தர்றேன்" என்றார் வகுப்பாசிரியை. அதற்கு ஒரு நிமிடத்தில் எழுபது சொல் வேண்டும். முந்தைய தடவை அறுபத்தொன்று. இந்தத் தடவை விட்டால் இன்னும் ஆறு வாரம். அதற்குள் நாடகமே முடிந்துவிடும்.

வாசிப்பு நாளன்று நான் அட்டைத் தபால்பெட்டி செய்யப் பசை தேடிக்கொண்டிருந்தேன். அவள் விரலை வைக்காமல் வாசித்தாள். தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. நான் பசையை மறந்துவிட்டு நின்றேன். என் எதிரே சுவர்க்கடிகாரம். வினாடி முள் பன்னிரண்டில் இருந்தபோது ஆரம்பித்தாள். அது பத்தைத் தொட்டபோது ஸ்டாப்வாட்ச் 'டிக்' என்றது.

"போதும்" என்றார். எண்ணினார். "அறுபத்திரண்டு."

"இன்னும் எட்டு வேணுமா மிஸ்?"

"ஆறே வாரம்தான். ஓடிடும்."

அந்தப் பெண் புத்தகத்தை மூடி, நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை. நான் பசை டப்பாவோடு நின்றேன். எங்கள் பள்ளிக் கடிகாரம் எதுதான் சரியாக ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அது கோழைத்தனம்தான்.

மறுநாள் முதல் அவள் விரல் புத்தகத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த விரலை எடுக்க வைக்க ஆசிரியைக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள், தெரிந்த சொல்லுக்கும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "நான் எப்பவும் இப்படித்தானா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை, பழுப்புத்தாளுக்கு முன்னால் கூட்டம். தலைமையாசிரியர் ஒவ்வொரு அட்டையாகப் படிப்பார், ஆசிரியர்கள் தலையாட்டுவோம், அட்டை நகரும். அந்தப் பெண்ணின் அட்டையைப் படித்து, "அறுபத்திரண்டு, அங்கேயே இருக்கட்டும்" என்றார். அடுத்த அட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

"சார், அந்தக் கணக்கு தப்பு" என்று வாசிப்பு ஆசிரியை எழுந்தார். "ஐம்பது செகண்டுல அறுபத்திரண்டு. நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க."

கணக்கு ஆசிரியர் பழக்கதோஷத்தில் உடனே சொன்னார். "எழுபத்து நாலு சொச்சம்."

"கை தவறிப் பட்டிருக்கும், விடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். நல்ல மனிதர், இறங்கிவர ஏணி போட்டுக் கொடுத்தார்.

"கை தவறல சார். நானாத்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"அவ போயிட்டா பதினொண்ணு இருபதுக்கு எனக்கு யாரும் இல்ல."

வகுப்பாசிரியை டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடித்த பதினோரு பேர் நாங்கள். அதில் ஒருவரும் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

அவர் அழவில்லை. "இனிமே பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க அளக்கக் கூடாது சார். அளக்கிறது வேற ஆளா இருக்கணும். இதை விதியா எழுதிடுங்க. நான் முதல்லயே எழுதியிருக்கணும், என்மேல இருந்த நம்பிக்கையில விட்டுட்டேன்" என்றார். ஷூ லேஸைத் தலைவழியாகக் கழற்றி ஸ்டாப்வாட்ச்சைக் கணக்கு ஆசிரியர் முன்னால் வைத்தார். பிறகு தானே சுவரருகே போய், அந்தப் பெண்ணின் அட்டையை மேலே ஏற்றிக் குண்டூசி குத்தினார்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், பள்ளிக்குக் கெட்ட பெயர் என்றார் தலைமையாசிரியர். இவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நேராகக் கீழே ஹாலுக்குப் போனார். மற்றவர்கள் ஒத்திகை பார்ப்பதை அவள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போயிருந்தேன். தபால்பெட்டிக்குச் சிவப்பு அடிக்கிற சாக்கு இருந்தது.

"நீ அன்னைக்கு நல்லாத்தான் படிச்ச. எழுபது தாண்டிட்ட. நான்தான் வாட்சை முன்னாடியே நிறுத்திட்டேன். தப்பு என்னோடது."

"ஏன் மிஸ் நிறுத்துனீங்க?"

"நீ போயிடுவியேன்னு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் எங்க மிஸ் போறேன்? கீழ ஹால்லதான இருப்பேன்?"

இவர் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார். தபால்காரி வேடம் அன்று மாலையே அவளுக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை பதினொன்று இருபது. சிவப்புப் பொடி போதவில்லை என்று நான் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தேன். ஆசிரியை பெரிய நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. அவள்தான். கூப்பிட யாரும் இல்லை, கால் தானாக இழுத்து வந்திருக்கிறது. சின்ன நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேவிட்டாள்.

"மிஸ், நேத்து எங்க வீட்ல என்ன ஆச்சு தெரியுமா..."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மேசைமேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தேவிட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஒத்திகை ஆரம்பிச்சிருப்பாங்க."

"அஞ்சு நிமிஷம் மிஸ். இன்னும் ராஜா சீனே முடியல."

"இன்னைக்கு அஞ்சுன்னா நாளைக்குப் பத்து ஆகும். எழுந்திரு."

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இவர் எழுந்து வந்து, இரண்டு தோளையும் பிடித்து அவளைக் கதவுவரை நடத்திக்கொண்டு போய் வெளியே நிறுத்தினார். "போ. சத்தமா வாசி, கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார். அந்த அறையில் யாரும் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

வெளியே காலடி நகரவில்லை. கதவில் மெல்ல ஒரு தட்டு. "மிஸ்?"

இன்னொரு தட்டு. பிறகு செருப்புச் சத்தம் வராந்தாவில் மெதுவாகவும், படிக்கட்டில் ஓட்டமாகவும் இறங்கியது. அது தேய்ந்து கீழே ஹாலில் கலந்து, ஒத்திகைச் சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்த பிறகும், அவர் கதவுக்கு நெற்றியைக் கொடுத்து, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.